கேட்கும் முன்பே கிடைத்துவிட்ட பதில்

தொடர்பாடல் பயிற்சி எங்கட பக்கத்துக்குப் புதிதல்ல. 2004 சுனாமிக்குப் பிறகு அம்பாறைக் கரையோரத்துக்கு வந்திறங்கிய தொண்டு நிறுவனங்கள் பட்டறை பட்டறையாக நடத்தித் தள்ளின. எங்கள் ஊரான இறக்காமத்துக்குக் கடல் இல்லை, குளம்தான் இருக்கிறது; ஆனாலும் எங்களையும் விட்டுவைக்கவில்லை. காலை பத்து மணிக்கு ரோல்ஸும் ப்ளேன்டீயும். அதற்குப் பிறகு பெரிய வெள்ளைத் தாளில் ஒரு படம். இடது பக்கம் சொல்பவர், வலது பக்கம் கேட்பவர், நடுவில் ஓர் அம்புக்குறி, அதற்கு மேலே கோணல்மாணலாக ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குப் பெயர் ‘இரைச்சல்’. இரைச்சல் என்றால் என்ன என்று கேட்பார்கள். தெருவில் போகிற பஸ், பழுதான மைக், விளங்காத மொழி என்று நாங்கள் வரிசையாகச் சொல்வோம். எல்லாம் வெளியில் இருக்கிற சாமான்கள். கேட்பவரின் தலை மட்டும் வெறும் வட்டமாகவே கிடக்கும். அதற்குள் என்ன ஓடிக்கொண்டிருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை.

அந்தப் படத்தின் மூலவர் கிளாட் ஷனன் என்ற அமெரிக்கக் கணிதக்காரர். பெல் தொலைபேசி ஆய்வுகூடத்தில் வேலை செய்தவர், 1948இல் வரைந்தார். கம்பி வழியே போகிற குறிப்புகள் கெடாமல் மறுமுனைக்குப் போய்ச் சேரவேண்டும் என்பதுதான் அவர் கவலை. அர்த்தம் என்பது தன்னுடைய கணக்குக்கு வெளியே என்று அவரே எழுதியும் வைத்தார். கம்பிக்கு முற்கோபம் கிடையாது. கம்பிக்குப் பழைய பகை, பக்கத்து ஊர்க்காரனைப் பற்றி உம்மா சொன்ன கதை ஒன்றும் தெரியாது. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அந்தப் படத்தை அப்படியே தூக்கி மனிதர்களுக்கு மாட்டிவிட்டார்கள்.

மனிதர்களுக்கு மாட்டினால் என்ன ஆகும் என்பதற்கு நாங்கள் தூரத்தில் உதாரணம் தேடத் தேவையில்லை. 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, அம்பாறை நகரம்.

எங்கள் ஊரிலிருந்து கச்சேரி அலுவலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்வருகிற நகரம் அது. கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தோடு எழும்பிய நகரம்; அங்கே சிங்கள மக்கள்தான் பெரும்பான்மை. மாவட்டம் முழுவதையும் எடுத்தால் கணக்கு வேறு. 2012 குடிசன மதிப்பீட்டில் முஸ்லிம்கள் 43.4 வீதம், சிங்களவர் 38.9, தமிழர் 17.3. தமிழ் பேசுகிறவர்கள் 60 வீதத்துக்கு மேல் இருக்கிற மாவட்டத்தின் தலைநகரத்தில், ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையின் காசாளரை நோக்கி வந்த கேள்வி சிங்களத்தில் வந்தது.

நடந்தது இதுதான். சாப்பிட வந்த ஒருவர் கறிக்குள் ஏதோ ஒரு கட்டியைக் கண்டார். இது ஆட்களை மலடாக்கும் மாத்திரை என்று சத்தம் போட்டார். சனம் கூடிவிட்டது. காசாளரை நடுவில் நிறுத்தி, போட்டாயா இல்லையா என்று கேட்டார்கள். ஒரு போன் கமரா ஓடிக்கொண்டிருந்தது. சிங்களம் அரைகுறையாகத் தெரிந்த அந்த மனிதருக்கு ‘மாத்திரை’ என்பது போய்ச் சேரவேயில்லை. கறியில் மாவு கட்டிபட்டதற்குத்தான் ஏசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். ஓம், போட்டோம் என்ற மாதிரிச் சொன்னார். அவ்வளவுதான். அவரை அடித்தார்கள், கடையை நொறுக்கினார்கள், பிறகு பள்ளிவாசல் பக்கம் போனார்கள். அங்கும் உடைப்பு, வாகனங்களுக்குத் தீ. அந்த வீடியோ பேஸ்புக்கில் ஒப்புதல் வாக்குமூலமாக ஊர் ஊராகப் போனது.

அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்தின் அறிக்கை மார்ச்சில் வந்தது. மருந்து ஒன்றுமில்லை, வெறும் மாப்பொருள். அதற்குள் கண்டிப் பக்கம் திகனவும் தெல்தெனியவும் எரிந்து, மார்ச் 6ஆம் திகதி நாடு முழுவதும் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டு, பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் முடக்கப்பட்டுவிட்டன. திகன வன்முறைக்கு உடனடிக் காரணம் வேறு. தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி ஒருவர் இறந்துபோனார். ஆனாலும் அந்தக் கோபம் பற்றிக்கொள்வதற்கு முன்னமே அம்பாறை வீடியோ போன் போனாக ஓடிச் சூடேற்றி வைத்திருந்தது.

இந்தக் கதையை எங்கள் ஊரில் சொன்னால் கேட்பவர்களில் பாதிப்பேர் ஒரே முடிவுக்கு வருவார்கள்: “அந்த மனிசனுக்குச் சிங்களம் ஒழுங்காத் தெரிஞ்சிருந்தா இது நடந்திராது.” சிங்களம் படிக்க வேண்டும், அவர்கள் தமிழ் படிக்க வேண்டும், பள்ளிக்கூடத்தில் கட்டாயமாக்க வேண்டும் என்று பேச்சு அந்தப் பக்கம் போய்விடும். மொழி படிப்பதற்கு நான் எதிரியில்லை, இரண்டு மொழியும் தெரிந்தவன் இந்த மாவட்டத்தில் ராசா. ஆனால் இந்த முடிவோடு எனக்கு உடன்பாடில்லை.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்தக் காசாளர் அநுராதபுரத்தில் பிறந்து வளர்ந்தவர் போலச் சிங்களம் பேசக்கூடியவர் என்றே வைத்துக்கொள்வோம். “இல்லை, அது மாவு” என்று சுத்தமான சிங்களத்தில் சொல்லியிருப்பார். கூடிநின்றவர்கள் “ஓ, அப்படியா, மன்னிக்கணும்” என்று கைகழுவிவிட்டுப் போயிருப்பார்களா? “பாருங்கள், மறைக்கிறான்” என்றிருப்பார்கள். பேசாமல் நின்றிருந்தால் “வாயடைத்துப் போனான்”. ஆம் என்றால் வாக்குமூலம், இல்லை என்றால் பொய், மௌனம் என்றால் குற்ற உணர்வு. எந்தப் பதில் வந்தாலும் ஒரே இடத்துக்குப் போய்ச் சேருகிற கேள்வி அது. அதைக் கேட்டவர்களுக்குத் தெரிந்துகொள்ள ஒன்றும் இருக்கவில்லை. தெரிந்ததாக நினைத்துக்கொண்டிருந்ததற்கு ஒரு முத்திரை மட்டும் தேவைப்பட்டது.

அந்தப் பதில் அவர்கள் தலைக்குள் அன்றிரவு முளைத்ததல்ல. 2012, 2013 காலத்தில் பொது பல சேனா என்ற பௌத்த கடும்போக்கு அமைப்பு ஹலால் சான்றிதழுக்கு எதிராகக் கிளம்பியதிலிருந்து, முஸ்லிம் கடைகளில் விற்கிற உடுப்பிலும் இனிப்பிலும் மலடாக்கும் மருந்து கலந்திருக்கிறது என்ற கதை ஊர்களுக்குள் சுற்றிக்கொண்டேயிருந்தது. சாப்பிட்டால் ஒருவரை நிரந்தரமாக மலடாக்கிவிடும் மாத்திரை என்று ஒன்று மருத்துவத்தில் இல்லவே இல்லை. டொக்டர்மார் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். கதைக்கு அது ஒரு பொருட்டாக இருக்கவில்லை. ஐந்தாறு வருடம் அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த ஒருவருக்குக் கறிக்குள் ஒரு வெள்ளைக் கட்டி அகப்பட்டால் அது மாவாகத் தெரிய வாய்ப்பே இல்லை.

எலிசபெத் லொஃப்டஸ் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய மாணவர் ஜோன் பாமரும் 1974இல் செய்த பரிசோதனை ஒன்று இதற்குப் பக்கத்தில் வரும். மாணவர்களுக்குக் கார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டினார்கள். பிறகு ஒரு கூட்டத்திடம் “கார்கள் அடித்து நொறுங்கியபோது என்ன வேகத்தில் போயின?” என்றும், இன்னொரு கூட்டத்திடம் “கார்கள் முட்டியபோது என்ன வேகம்?” என்றும் கேட்டார்கள். ஒரு கிழமை கழித்துக் கூப்பிட்டு, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்றார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. நொறுங்கியது என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர் பார்த்தோம் என்றார்கள். முட்டியது என்று கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேர்தான். யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. கேள்வி உள்ளே போகும்போது கண்ணாடியையும் சேர்த்துக் கொண்டுபோய் உடைத்துப் போட்டுவிட்டது.

இதை வைத்துக்கொண்டு 2019 மே மாதத்தைப் பாருங்கள். ஒரு டொக்டர் ஆயிரக்கணக்கான சிங்களப் பெண்களை இரகசியமாக மலடாக்கினார் என்று ஒரு பத்திரிகை பெயர் சொல்லாமல் முதற்பக்கத்தில் போட்டது. மறுநாள் குருணாகல் டொக்டர் ஷாபி ஷிஹாப்தீன் கைதானார். அவரிடம் வைத்தியம் பார்த்தவர்கள் முறைப்பாடு செய்யலாம் என்றதும் நூற்றுக்கணக்கான பெண்கள் வரிசையில் வந்தார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். வயிற்றில் ஒரு வடு இருக்கிறது, இரண்டாவது பிள்ளை தங்கவில்லை, இப்போது நாடே கேட்கிறது: உங்களுக்கும் அப்படி நடந்ததா? நடந்ததாகத்தான் தோன்றும். குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்தில் சொன்னது. பிறகு அவர் வேலைக்குத் திரும்பினார். 2022இல் கிடைத்த நிலுவைச் சம்பளத்தை மருந்து வாங்கவே கொடுத்துவிட்டார். அதே மே மாதம் ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண், கப்பலின் சுக்கான் சக்கரம் அச்சடித்த உடுப்பு உடுத்ததற்காகக் கைதானார். பொலிஸாருக்கு அது தர்மச்சக்கரமாகத் தெரிந்தது. இரண்டு கிழமைக்கு மேல் மறியலில் இருந்தார். ஒரு மாதத்துக்கு முந்தி உயிர்த்த ஞாயிறு குண்டுகள் வெடித்திருந்தன; அந்த ஒரு மாதத்தில் நாட்டுக்கு எந்தச் சக்கரமும் சக்கரமாகத் தெரியவில்லை.

இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு எங்கட ஆட்கள் “சரியாச் சென்னீங்க” என்று தலையாட்டுவார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்தத் தலையாட்டலைப் பற்றித்தான் இனிச் சொல்லவேண்டும்.

அந்தக் காசாளர் ஏன் “என்ன கேட்கிறீங்க? விளங்கல்ல, திரும்பச் சொல்லுங்க” என்று கேட்கவில்லை? கூட்டத்துக்கு நடுவில் பயந்து நின்றவரிடம் இந்தக் கேள்வியை வைப்பது அநியாயம். அடித்தவன்தான் குற்றவாளி, அதில் பங்கு பிரிக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் தலையாட்டல் அவருக்கு மட்டும் சொந்தமானதல்ல. அது எங்கள் எல்லோருடைய கழுத்திலும் இருக்கிறது. சோதனைச் சாவடியில் “ஓம் சேர்”. கந்தோர் கவுண்டரில் “ஹரி மாத்தயா”. கிளினிக்கில் டொக்டர் சிங்களத்தில் இரண்டு நிமிடம் விளக்குவார், எங்கட மாமி இரண்டு நிமிடமும் தலையாட்டுவார், வெளியே வந்து மருந்துப் பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு “இது சாப்பாட்டுக்கு முந்தியா பிந்தியா மனே?” என்று என்னிடம் கேட்பார். “உள்ளுக்க கேட்டிருக்கலாமே மாமி.” “அவரு என்ன நினைப்பாரோ.”

அவரு என்ன நினைப்பாரோ. இந்த மூன்று சொல்லுக்குள் ஒரு முழு மனநிலை உட்கார்ந்திருக்கிறது. கேட்டால் கோபிப்பார்கள், கேட்டால் எங்களைப் பட்டிக்காடு என்பார்கள், சீக்கிரம் முடித்துக்கொண்டு வெளியேறினால் போதும். சண்டைக் காலமும் சாவடிகளும் பழக்கிவிட்ட தற்காப்பு அது. உயிரைக் காப்பாற்றியும் இருக்கிறது. ஆனால் தலையாட்டிப் பழகியவன் எதிரிலிருப்பவரின் வாயிலிருந்து என்ன வருகிறது என்பதைக் கேட்பதில்லை. முகத்தை மட்டும் பார்க்கிறான்: கோபமா, இல்லையா. அன்றிரவு அம்பாறையில் சந்தித்தவை இரண்டு மொழிகள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்குத் தெரிவது இரண்டு பழக்கங்கள். ஒன்று, பதிலைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பது. மற்றது, கேள்வி விளங்காமலே பதில் சொல்வது. இரண்டுக்கும் சமமான பலம் இருக்கவில்லை என்பதால் அடி ஒரு பக்கம் மட்டும் விழுந்தது.

பேஸ்புக் கம்பனிக்கும் ஒரு மனநிலை இருந்தது, சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன். சிங்களத்தில் வந்த வெறுப்புப் பதிவுகளைப் பற்றி இலங்கையிலுள்ள அமைப்புகள் திரும்பத் திரும்ப முறையிட்டன. விதிமீறல் இல்லை என்ற பதில் வந்துகொண்டேயிருந்தது. 2018 வன்முறையில் தங்கள் தளத்துக்கிருந்த பங்குக்காக 2020 மே மாதத்தில்தான் மன்னிப்புக் கேட்டார்கள்.

இனி எங்கள் ஊருக்குள் வருவோம். இறக்காமத்தில் மாணிக்கமடுவுக்குப் பக்கத்தில் மாயக்கல்லி மலை இருக்கிறது. 2016 ஒக்டோபர் 29ஆம் திகதி அதன் மேல் ஒரு புத்தர் சிலை வைக்கப்பட்டது. சுற்றிவர இருப்பவர்கள் தமிழர்களும் முஸ்லிம்களும். இங்கே கும்பிட ஆளில்லாத சிலை எதற்கு என்பது எங்கள் பக்கம். பழைய பௌத்த எச்சங்கள் இருக்கிற மலை, எங்கள் வரலாறு என்பது அவர்கள் பக்கம். என் நிலைப்பாடு எங்கட ஆட்களோடுதான். ஊரைக் கேட்காமல் செய்த காரியம் அது. ஆனால் அதைப் பற்றி நாங்கள் பேசிய விதத்தை இப்போது நினைத்தால் எனக்கு இன்னொரு பரிசோதனை ஞாபகம் வருகிறது.

1990இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற மாணவி செய்தது. ஒருவர் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டை மனதுக்குள் பாடிக்கொண்டு மேசையில் விரலால் தட்டவேண்டும். எதிரில் இருப்பவர் என்ன பாட்டு என்று சொல்லவேண்டும். இரண்டில் ஒன்றாவது கண்டுபிடிப்பார்கள் என்று தட்டியவர்கள் நம்பினார்கள். 120 பாட்டில் கண்டுபிடிக்கப்பட்டது மூன்று. தட்டுகிறவருக்குத் தலைக்குள் வாத்தியம், குரல் எல்லாம் சேர்ந்து கேட்கிறது. எதிரில் இருப்பவருக்கு டொக் டொக் என்று மேசைச் சத்தம் மட்டும். “இதுகூட விளங்கல்லையா?” என்று தட்டுகிறவருக்கு எரிச்சல் வேறு.

மாயக்கல்லி விஷயத்தில் நாங்கள் எத்தனை மகஜர், எத்தனை அறிக்கை, எத்தனை மேடை. எல்லாவற்றிலும் எங்கள் பாட்டு எங்களுக்கு முழுசாகக் கேட்டது: காணி போகும், பிறகு விகாரை வரும், பிறகு குடியேற்றம் வரும். ஐம்பது வருட அனுபவம் அந்தப் பாட்டுக்குப் பின்னணி வாசித்தது. இந்தப் பின்னணி தெரியாத, மொனராகலையிலோ உகனையிலோ இருக்கிற சாதாரணச் சிங்கள விவசாயிக்குக் கேட்டது ஒரு வரிதான்: “இவர்களுக்குப் புத்தர் சிலை பிடிக்காது.” அவருக்கு எது கேட்டிருக்கும் என்று எங்கள் மேடைகளில் ஒருவரும் யோசித்ததாக எனக்குத் தெரியவில்லை. நியாயம் எங்கள் பக்கம் இருக்கிறது என்பதே விளக்கத் தேவையில்லை என்ற நினைப்பைத் தந்துவிட்டது. நியாயமானவர்களுக்கு வருகிற வியாதி இது.

சரி, இதெல்லாம் சிங்களம், தமிழ் என்ற வேலியால்தான் என்று இன்னும் நினைப்பவர்கள் கல்முனைக்குப் போய்வரலாம். கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தும் பிரச்சினையில் இரண்டு பக்கமும் தமிழ்தான் பேசுகிறது. ஒரே சந்தையில் மீன் வாங்குகிறவர்கள். 2019 ஜூனில் தமிழ்த் தரப்பு உண்ணாவிரதம் இருந்தது, முஸ்லிம் தரப்பு எதிர்ச் சத்தியாக்கிரகம் இருந்தது. தமிழர் “எங்கள் அலுவலை நாங்கள் பார்க்க ஒரு முழுமையான செயலகம்” என்றால் எங்கள் காதில் “உங்கட கடைத்தெருவை எடுக்கப்போகிறோம்” என்று விழுகிறது. நாங்கள் “எல்லையைப் பேசித் தீர்ப்போம்” என்றால் அவர்கள் காதில் “இழுத்தடிப்போம்” என்று விழுகிறது. இதற்கு எந்த மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுவது?

வீட்டுக்குள்ளும் அதுதான். எங்கட பக்கத்து வழக்கம் தெரியும்தானே, கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டில்தான். மாமியாரும் மருமகனும் ஒரே கூரைக்குக் கீழே இருபது வருடம் நேருக்கு நேர் நாலு வசனம் பேசாமல் வாழ்ந்துவிடுவார்கள். மனைவிதான் நடுவில் தபால்காரி. ஒருநாள் மருமகன் வழமையைவிட நேரத்தோடு வீட்டுக்கு வருகிறார். குசினிக்குள் இருந்து மாமியின் குரல்: “இண்டைக்கு நேரத்தோட வந்திட்டாரே புள்ள, கடையில வேல இல்லையாமா?” சோறு இன்னும் இறக்கவில்லை, ஆணம் கொதிக்கவில்லை, மாமியின் பதற்றம் அது. முன்வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவருக்குக் கேட்டது வேறு: உழைப்புக் காணாது என்று குத்துகிறார். “நான் வந்தது கரைச்சலெண்டா திரும்பிப் போறன் எண்டு சொல்லு.” மாமிக்கு அது போய்ச் சேரும்போது: இந்த மனிசனுக்கு எங்கட வீட்டுச் சோறு இறங்காது. மூன்று நாள் வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும். மூவரும் பேசியது இறக்காமத்துத் தமிழ், ஒரே உச்சரிப்பு, இடையில் ஒரு திரைச்சீலை. மருமகன் கோபக்காரர் என்று மாமிக்கும், மாமி குத்துக்காரி என்று மருமகனுக்கும் முதல் வருடமே எழுதி முடிந்துவிட்டது. பிறகு வருகிற ஒவ்வொரு பேச்சும் அந்தத் தீர்ப்புக்குச் சாட்சி சொல்லத்தான் வருகிறது.

அப்படியானால் வழியே இல்லையா என்றால், இருக்கிறது. அதுவும் இந்த மாவட்டத்திலேயே ஒருமுறை நடந்திருக்கிறது. எங்கட பிள்ளைகளுக்கு அது தெரியாமல் போனதுதான் எனக்கு ஆச்சரியம்.

1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் இடது கரை, எழுபதுகளின் முடிவில் படுமோசமாகக் கிடந்தது. வாய்க்கால்கள் தூர்ந்து, மதகுகள் உடைந்து, தலைப்பில் இருந்தவர்கள் எடுத்ததுபோக வாலுக்குத் தண்ணீர் போவதில்லை. தலைப்பில் பெரும்பாலும் சிங்களக் குடியேற்றவாசிகள், வால்பக்கம் தமிழ் பேசும் விவசாயிகள். 1956 இனக்கலவரத்தில் கல்லோயாவில் ஓடிய இரத்தம் யாருக்கும் மறந்திருக்கவில்லை. கல்லோயா விவசாயி என்றாலே ஒற்றுமையில்லாத, சொல் கேளாத கூட்டம் என்று அதிகாரிகள் முடிவுகட்டியிருந்தார்கள். அமெரிக்க உதவியோடு புனரமைப்பு வேலை தொடங்கியபோது, இங்கே பத்துப் பதினைந்து விவசாயிகளை ஒன்றுசேர்த்துக் காட்டினாலே பெரிய காரியம் என்று மாவட்டத்தின் உயரதிகாரி ஒருவரே சொன்னாராம். அந்த வேலையில் இருந்த கோர்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் நோர்மன் அப்ஹொஃப் பிறகு எழுதிய புத்தகத்தில் இதெல்லாம் வருகிறது.

கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் கோர்னெலும் சேர்ந்து 1981இல் ஒரு வேலை செய்தன. இளம் பட்டதாரிகளைத் தெரிந்தெடுத்து, ஊர்களுக்குள்ளேயே குடியிருக்க அனுப்பினார்கள். அவர்களுக்கு ‘நிறுவன ஒருங்கமைப்பாளர்கள்’ என்று வாய்க்குள் நுழையாத ஒரு பெயர். ஆனால் வேலை எளிது. கூட்டம் கூட்டி அறிவுறுத்தக் கூடாது. முதலில் வீடு வீடாகப் போகவேண்டும், வயலுக்குப் போகவேண்டும், உங்கள் வாய்க்காலில் என்ன பிரச்சினை என்று கேட்கவேண்டும், சொல்வதைக் கேட்கவேண்டும். சங்கம், தலைவர், யாப்பு எல்லாம் பிறகு. ஒரே வயல் வாய்க்காலில் தண்ணீர் எடுக்கிற பத்திருபது பேர் சேர்ந்து முதலில் ஒரு வேலையைச் செய்து பார்ப்பார்கள். அதற்குப் பிறகு தங்களுக்குள் ஒருவரை, வாக்கெடுப்பில்லாமல், எல்லோரும் ஒத்துக்கொண்டு தெரிவார்கள்.

அந்த வருடம் திட்டத்தின் நீர்த்தேக்கமான சேனாநாயக்க சமுத்திரத்தில் தண்ணீர் மிகக் குறைவு. அடிபிடிக்கு இதைவிட நல்ல வருடம் கிடைக்காது. நடந்தது வேறு. பத்து வருடத்துக்கு மேலாகத் தூர்ந்து கிடந்த வாய்க்கால்களை ஆட்கள் தாங்களே இறங்கி வெட்டினார்கள். முறைவைத்துத் தண்ணீர் எடுத்தார்கள். சில கிழமைக்குள் பத்துப் பதினைந்து அல்ல, நூற்றுக்கணக்கானவர்கள். தலைப்பில் இருந்த சிங்கள விவசாயிகள் மிச்சம் பிடித்த தண்ணீரை வாலில் இருந்த தமிழ் விவசாயிகளுக்கு விட்டார்கள். 1983 கறுப்பு ஜூலைக்கு இரண்டு வருடம் முந்திய காலத்தில் இது நடந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே மனிதர்கள்தான். மொழிப் பயிற்சி ஒன்றும் நடக்கவில்லை. மாறியது கேள்வி. அதுவரை வந்த அதிகாரிகள் “ஏன் தண்ணீரைத் திருடுகிறீர்கள்?” என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள், அதற்கு விவசாயி என்ன பதில் சொல்வான், தலையைத்தான் ஆட்டுவான். இந்தப் பட்டதாரிகளுக்கு நீர்ப்பாசனம் பெரிதாகத் தெரியாது. தெரியாததால் உண்மையாகவே கேட்டார்கள். பதில் தெரியாமல் ஒருவர் கேட்கும்போது எதிரில் இருப்பவருக்கு அது உடனே விளங்கிவிடுகிறது. முகத்தைப் பார்த்துப் பயப்பட அவசியமில்லாமல் போகிறது. தலைப்பில் இருந்தவர் வாலில் இருப்பவரின் வயலை முதன்முதலாக நடந்துபோய்ப் பார்த்ததும் அப்படித்தான்.

யுத்தம் வந்து இதன் பெரும்பகுதியை அடித்துக்கொண்டு போனது. முறை மட்டும் தப்பியது; 1988இல் பங்கேற்பு நீர் முகாமைத்துவம் என்று நாட்டின் கொள்கையாகவே ஆனது. இன்று இருக்கிற கமக்காரர் அமைப்புக்கு வேர் அங்கேயும் ஓடுகிறது. எங்கட ஊரில் இப்போது போகம் தொடங்கமுன் நடக்கிற கூட்டத்துக்குப் போனால் அந்த வேர் தெரிவதில்லை. மேசையில் அதிகாரிகள், கதிரையில் நாங்கள். தண்ணீர் திறக்கிற திகதியை அவர்கள் வாசிப்பார்கள், நாங்கள் “ஓம் சேர்” என்போம், பிஸ்கட் சாப்பிட்டுவிட்டு வாசலில் நின்று ஏசுவோம்.

எண்பதுகளில் இடது கரையில் வெள்ளாமை செய்தவர்கள் சம்மாந்துறையிலும் மத்தியமுகாமிலும் நற்பிட்டிமுனையிலும் இன்னும் இருப்பார்கள், எழுபது எண்பது வயதில். உங்கட வீட்டில் அப்படி ஒரு மூத்தவாப்பா இருந்தால் இந்தப் பெருநாளைக்குப் போய் உட்கார்ந்து ஒன்றைக் கேட்டுப்பாருங்கள்: வெளியூரிலிருந்து வந்த அந்தப் பொடியன் உங்கட வாசலுக்கு முதன்முதல் வந்து நின்றபோது உங்களிடம் என்ன கேட்டான்?